ரோஜாக் காயில் டீ போடலாமா?

கேள்வி: எங்கள் மாடித் தோட்டத்து ரோஜாச் செடியில், பூ உதிர்ந்த இடத்தில் ஆரஞ்சு நிறக் காய்கள் பிடித்திருக்கின்றன. கடையில் கூடுதல் விலைக்கு விற்கும் ‘ரோஸ்ஹிப் டீ’ இதுதானா? வைட்டமின் சி அதிகம் என்கிறார்களே, உலர்த்திக் குடிக்கலாமா? குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ரோஸ்ஹிப் என்பது ரோஜாவின் காய்தான், ஆனால் டீக்கு வருவது பெரும்பாலும் குளிர்நாட்டுக் காட்டு ரோஜாவின் காய். அடுக்கு ரோஜாக்களில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறிவிடுவதால் காய் பிடிப்பது குறைவு. வாடிய பூவைக் கத்தரிக்கும்போது அதுவும் போய்விடும். லால்பாக்கில் பூவையே பார்த்துப் பழகிய நமக்குக் காய் புதிதாகத் தெரிவது அதனால்தான். காட்டு ரோஜாவின் 100 கிராம் காயில் 400 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கும். ஆரஞ்சில் சுமார் 50தான். இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு வரத்து குறைந்தபோது, பிரிட்டன் 1941 முதல் வேலியோரக் காய்களைப் பொறுக்கச் செய்து, குழந்தைகளுக்குப் பாகாகக் கொடுத்தது. கைக்கெட்டும் தூரத்தில் விளைந்ததை அவர்கள் நம்பினார்கள். நாம் கற்க வேண்டியதும் அதுதான்: 200 மில்லிகிராமுக்கு மேல் தரும் கொய்யாவும், நெல்லிக்காயும் நம் தெருவுக்கே வரும்போது, இறக்குமதி டீயைத் தேடிப் போகத் தேவையில்லை.

“என் செடியில் சும்மா கிடைப்பதுதானே?” என்று கேட்பீர்கள். பூவுக்காக வளர்க்கும் நர்சரிச் செடிக்கு, உள்ளே ஊடுருவும் பூச்சிமருந்தை அடித்திருக்க வாய்ப்பு உண்டு. காயை உண்ண வேண்டும் என்று யாரும் அதை வளர்ப்பதில்லை. நெடுங்காலமாக மருந்தே படாத செடி என்றால் உண்ணலாம். நன்கு பழுத்ததைப் பிளந்து, விதையையும் ரோமத்தையும் சுரண்டி எடுத்து, சதையைக் கொதிக்கவைத்து மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். ஆனால் உலர்த்துவதிலும் சூட்டிலும் வைட்டமின் சி கணிசமாக அழியும். டென்மார்க்கில் நடந்த சிறு ஆய்வுகளில் மூட்டுவலி சற்றுக் குறைந்தது உண்மைதான். அங்கே கொடுத்தது அளவிட்டுத் தயாரித்த பொடி, கோப்பை டீ அல்ல.

விளையாட்டில் கவனம் தேவை. உள்ளிருக்கும் நுண்ரோமத்தைச் சட்டைக்குள் போட்டுச் சொறிய வைப்பது ஐரோப்பியப் பிள்ளைகளின் பழைய குறும்பு; நம் ஊரில் பூனைக்காலி செய்யும் அதே வேலை. ரோமம் கண்ணிலோ தொண்டையிலோ பட்டால் வேதனை, ஆகவே வேண்டாம். முழுக் காய்களை நூலில் கோத்து மாலையாக்கலாம்; ஊசியைப் பெரியவர்களே பிடிக்கட்டும். அதைவிட நல்ல விளையாட்டு விதைப்பது. விதைகளைக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, சில வாரங்கள் ஃபிரிட்ஜில் வைத்துப் பிறகு ஊன்றுங்கள். கலப்பினச் செடியின் விதையில் வருவது தாய்ச்செடியைப் போல இருக்காது. புது ரோஜாக்கள் பெரும்பாலும் பிறப்பது இப்படித்தான். ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் ‘அர்கா’ என்ற பெயரில் பல ரோஜா வகைகளை வெளியிட்டிருக்கிறது. டீக்குக் கொய்யாவும் நெல்லியும் ஈடுகட்டும். புதிய ரோஜாவைத் தர இந்தக் காயால்தான் முடியும். ஆகவே இந்த ஆண்டுக் காய்களை விதைக்கு விடுங்கள்.