டிராயிங்கைத் திறந்து பார்த்து அச்சாரம் கொடுப்போம்

கடைக்கு ரேக் அடிக்கச் சொன்னாலும், குடோனுக்கு ஷெட் போட்டாலும், மசாலா அரைக்கும் இடத்தைப் பெரிது பண்ணினாலும், இன்று முதலில் நம் கைக்கு வருவது புளூ பிரிண்ட் காகிதம் அல்ல. செல்போனிலோ இ-மெயிலிலோ ஒரு கம்ப்யூட்டர் கோப்பு வருகிறது. அதன் பெயர் டி.டபிள்யூ.ஜி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிகிறது. கூடவே பட்டறைக்காரரின் குரலும் வருகிறது: "பிளான் அனுப்பிட்டனுங்ணா, பார்த்துட்டு சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வேலையை ஆரம்பிச்சுடறேன்."

வணிகர்களில் பலர் அந்தக் கோப்பைத் திறக்க வழி தெரியாமலேயே "சரி" என்று சொல்லி அச்சாரத்தையும் கொடுத்து விடுகிறார்கள். வெட்டிய தகடு வெட்டியதுதான். பிறகு அளவு தப்பு என்று பேசிப் பயனில்லை. இந்தக் கோப்பை லினக்ஸ் கம்ப்யூட்டரில் காசு செலவில்லாமல் எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

லினக்ஸ் எதற்கு என்று சிலர் கேட்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர்கள் நம் கடைகளில் நிறைய உண்டு. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடாமல் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டணமில்லாத லினக்ஸ் போட்டு ஓட்டலாம். லினக்ஸ் நமக்குப் புதியதும் அல்ல. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் பாஸ் என்ற லினக்ஸை வெளியிட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு அது சேர்ந்தே வந்தது. பில்லிங்குக்கு டாலி வைத்திருப்போர் அந்த ஒரு கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே வைத்துக்கொள்வது நல்லது. நாம் சொல்வது மூலையில் கிடக்கும் இரண்டாவது கம்ப்யூட்டரைப் பற்றி.

டி.டபிள்யூ.ஜி. என்பது ஆட்டோடெஸ்க் என்னும் அமெரிக்க நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த ஆட்டோகேட் சாப்ட்வேரின் சொந்தக் கோப்பு வடிவம். அதற்குள் கோடுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அந்நிறுவனம் வெளியிடவில்லை. மற்ற சாப்ட்வேர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்ய டி.எக்ஸ்.எஃப். என்ற இன்னொரு வடிவத்தை மட்டும் விளக்கத்தோடு வெளியிட்டது. மூடிய வடிவத்தைப் பிரித்துப் படிக்க மற்ற நிறுவனங்கள் சேர்ந்து 1998-இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. இன்று அதன் பெயர் ஓப்பன் டிசைன் அலையன்ஸ். 2006-இல் ஆட்டோடெஸ்க் அதன்மேல் வழக்குப் போட்டது. 2007-இல் சமரசம் ஆயிற்று. மொத்தத்தில் பூட்டு ஒருவருடையது, மாற்றுச் சாவி செய்தவர் இன்னொருவர். அதனால்தான் சில கோப்புகள் லினக்ஸில் சுலபமாகத் திறக்கின்றன, சில முரண்டு பிடிக்கின்றன.

இப்போது முன்னோட்டப் படத்துக்கு வருவோம். டி.டபிள்யூ.ஜி. கோப்பின் உள்ளேயே ஒரு சின்னப் படம் ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். வரைந்தவர் கடைசியாகச் சேமித்தபோது பெரும்பாலும் திரையில் எது தெரிந்ததோ அதுதான் அந்தப் படம். லினக்ஸில் சாதாரணமாக அது தெரியாது. வெறும் காகிதச் சின்னம்தான் தெரியும். லிப்ரே டி.டபிள்யூ.ஜி. என்ற திறந்த மூல சாப்ட்வேரில் இந்தப் படத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு கருவி இருக்கிறது. விவரம் தெரிந்த பையன் ஒருவன் உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தால், கோப்புகளை அடுக்கிக் காட்டும் இடத்திலேயே படம் தெரியும்படி செய்துவிடலாம்.

எந்தக் கோப்பு எது என்று கண்டுபிடிக்க இந்தப் படம் நல்ல உதவி. 'பிளான் புதுசு', 'பிளான் புதுசு 2', 'பைனல்' என்று வரிசையாக வந்து கிடக்கும்போது ரேக் எது, ஷெட் எது என்று ஒரு பார்வையில் தெரியும். ஆனால் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது, வெண்டைக்காய் மூட்டையை வெளியே தடவிப் பார்த்து விலை பேசுவது போன்றது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அடி நீளக் கடை என்றால் 480 அங்குலம். முன்னோட்டப் படம் 256 புள்ளி அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 2 அங்குலம் வருகிறது. 18 அங்குல ரேக்குக்கும் 24 அங்குல ரேக்குக்கும் உள்ள வித்தியாசம் மூன்றே புள்ளி! எந்தக் கண்ணும் அதைப் பிடிக்காது.

கடையில் அந்த மூன்று புள்ளி என்ன செய்யும்? கடையின் அகலம் 12 அடி. இரண்டு சுவர்களிலும் 18 அங்குல ரேக், நடுவில் 3 அடி அகலத்தில் இரட்டை ரேக். இவை 6 அடியை எடுத்துக்கொள்ளும். மீதி 6 அடி இரண்டு நடைபாதைகளுக்கு, ஒவ்வொன்றும் 3 அடி. கூடையோடு இரண்டு பேர் ஒதுங்கிப் போகலாம். வரைந்தவர் 24 அங்குல ரேக் என்று போட்டு, நடு ரேக்கை 4 அடி ஆக்கிவிட்டால் ரேக்குகளுக்கே 8 அடி போய்விடும். நடைபாதை 2 அடிதான். மாத முதல் வாரத்தில் சாமான் வாங்க வரும் அம்மா ஒருவர் பருப்பு ரேக் முன்னால் நின்றால் பின்னால் வருபவர் திரும்பிப் போக வேண்டியதுதான். இரண்டு வரைபடங்களும் முன்னோட்டப் படத்தில் ஒன்று போலவே இருக்கும்.

ஆகவே முழு வரைபடத்தையும் திறந்து அளந்து பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு சாப்ட்வேர் போதும். ஒன்று, மேலே சொன்ன கூட்டமைப்பு கட்டணமின்றித் தரும் ஓ.டி.ஏ. ஃபைல் கன்வெர்ட்டர். இது திறந்த மூலம் அல்ல, ஆனால் லினக்ஸில் ஓடும். மற்றொன்று லிப்ரேகேட். இது முழுக்கத் திறந்த மூலம். லினக்ஸின் சாப்ட்வேர் பட்டியலிலேயே கிடைக்கும். லிப்ரேகேட் டி.எக்ஸ்.எஃப். கோப்பை நன்றாகத் திறக்கும், டி.டபிள்யூ.ஜி.யை அரைகுறையாகத்தான் திறக்கும். லிப்ரே டி.டபிள்யூ.ஜி.யை அதில் சேர்த்திருக்கலாமே என்றால், இரண்டின் உரிம நிபந்தனைகளும் ஒத்துப்போகவில்லை. இரண்டுமே இலவசம், இரண்டுமே பொதுநலத்துக்கு. ஆனாலும் பங்காளிச் சண்டை!

முதலில் கோப்பு எந்த ஆண்டு அமைப்பில் சேமிக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்வது நல்லது. லினக்ஸின் டெர்மினல் சாளரத்தில் ஃபைல் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, கோப்பின் பெயரையும் அடித்தால் அது சொல்லிவிடும். கோப்பின் முதல் ஆறு எழுத்துகளிலேயே அந்த விவரம் இருக்கிறது. ஏசி1015 என்றால் ஆட்டோகேட் 2000 அமைப்பு, ஏசி1021 என்றால் 2007, ஏசி1032 என்றால் 2018. ஆட்டோகேட் 2018 முதல் 2025 வரை வந்த பதிப்புகள் எல்லாம் இந்தக் கடைசி அமைப்பிலேயே சேமிக்கின்றன. பட்டறைக்காரரின் கோப்பு திறக்க மறுத்தால், "2007 அமைப்பில் சேமித்து அனுப்புங்க" என்று கேட்க இந்த விவரம் உதவும்.

கன்வெர்ட்டர் தனிக் கோப்பைக் கேட்காது, ஃபோல்டரைத்தான் கேட்கும். 'வந்தது', 'மாற்றியது' என்று இரண்டு ஃபோல்டர்கள் உண்டாக்கி, வந்த டி.டபிள்யூ.ஜி.யை முதலாவதில் போட வேண்டும். வெளியீட்டு வகையில் 2007 டி.எக்ஸ்.எஃப். என்று தேர்ந்தெடுத்தால் மாற்றிய கோப்பு இரண்டாவதில் வந்து விழும். அதை லிப்ரேகேட்டில் திறந்து, தகவல் என்னும் பட்டியலில் இரு புள்ளிகளுக்கு இடையேயான தூரம் என்ற வசதியை எடுத்து, ரேக்கின் ஒரு மூலையையும் மறு மூலையையும் தொட்டால் அளவு கீழே தெரியும். கோட்டின் முனையில் ஒட்டிக்கொள்ளும் வசதியை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும்; இல்லையேல் கை நடுக்கமும் அளவில் சேரும்.

இங்கேதான் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. டி.டபிள்யூ.ஜி. கோப்பில் இருப்பது வெறும் எண். 96 என்று அளவு வந்தால் அது 96 அங்குலமா, 96 மில்லிமீட்டரா என்பதைக் கோடு சொல்லாது. அங்குலமானால் அது 8 அடி ரேக். மில்லிமீட்டரானால் தீப்பெட்டி அடுக்கக்கூடப் பற்றாது. நம் கொத்தனார் அடிக்கணக்கில் பேசுவார், குறிச்சி சிட்கோ பக்கம் உள்ள பட்டறை மில்லிமீட்டரில் வெட்டும். செக்கு எண்ணெய், மசாலாப் பொடி என்று தயாரிப்பில் இறங்குவோருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான வரைபடம் மீட்டர், சதுர மீட்டரில், எந்த வேலைக்கு எவ்வளவு இடம் என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். ஒரே கட்டடத்துக்கு மூன்று அளவு முறைகள்! ஆகவே நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, உதாரணமாகக் கடையின் ஷட்டர் அகலத்தை, முதலில் வரைபடத்தில் அளந்து பார்க்க வேண்டும். ஷட்டர் 10 அடி என்று நமக்குத் தெரியும். வரைபடத்தில் 120 வந்தால் அங்குலக் கணக்கு, 3048 வந்தால் மில்லிமீட்டர் கணக்கு. 118 என்று வந்தால் வரைந்தவர் சரியாக அளக்கவில்லை. டேப்போடு மறுபடி வரச் சொல்ல வேண்டும்.

திறந்த வரைபடத்தில் சில பகுதிகள் காணாமல் போயிருக்கலாம். வரைபவர்கள் ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பை இணைத்து வைப்பது வழக்கம். தூண்களும் சுவர்களும் ஒரு கோப்பில், ரேக் மட்டும் மற்றொன்றில் இருக்கும். ஒன்றை மட்டும் அனுப்பினால் தூண் இல்லாத கடை தெரியும். ரேக் நன்றாகப் பொருந்துவது போலவும் தோன்றும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியாமல் போகலாம். முப்பரிமாணமாக வரைந்த பொருள் லிப்ரேகேட்டில் தெரியவே தெரியாது, ஏனெனில் அது தட்டை வரைபடங்களுக்கு மட்டுமே உரியது. பம்பு, கிரைண்டர் உதிரி பாகங்கள் விற்கும் நம் உறுப்பினர்கள் உற்பத்தியாளரிடம் ஸ்டெப் என்ற வடிவத்தில் கேட்டு வாங்கினால், ஃப்ரீகேட் என்னும் திறந்த மூல சாப்ட்வேரில் பாகத்தைச் சுற்றித் திருப்பிப் பார்க்கலாம்.

"எதற்கு இவ்வளவு பாடு, திருட்டு ஆட்டோகேட் போட்டால் ஆயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவை அவர்கள் படிக்க வேண்டும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. ஆதாயத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தாதவருக்கு மட்டும் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கடையில் வைத்திருக்கும் நாம் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இலவசம் என்று வருவதிலும் கவனம் தேவை. டிராஃப்ட்சைட் என்ற சாப்ட்வேர் பல ஆண்டுகள் லினக்ஸுக்கும் இலவசமாகக் கிடைத்தது. 2019 இறுதியோடு இலவசப் பதிப்பு நின்றுவிட்டது. திறந்த மூலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இன்று நம் கம்ப்யூட்டரில் இருக்கும் லிப்ரேகேட்டை யாரும் திரும்பப் பறிக்க முடியாது.

பாக்கெட் டிசைனுக்கும் இதே கதைதான். அச்சகங்கள் அனுப்பும் கோரல் டிரா கோப்பும் ஒரு நிறுவனத்தின் சொந்த வடிவமே. லிப்ரே ஆபீஸ் டிராவும் இங்க்ஸ்கேப்பும் அதை ஓரளவு திறக்கும். எழுத்து நகர்ந்திருக்கலாம் என்பதால், எடையும் விலையும் காலாவதித் தேதிக்கான இடமும் சரியா என்பதை அச்சகத்தார் தரும் பி.டி.எஃப். பிரதியிலேயே பார்ப்பது நல்லது.

வேலை பேசும்போதே கொட்டேஷனில் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் பாதித் தொல்லை குறையும். வரைபடத்தை டி.டபிள்யூ.ஜி.யோடு, அளவுகள் எழுதிய பி.டி.எஃப். ஆகவும், 2007 அமைப்பு டி.எக்ஸ்.எஃப். ஆகவும் தர வேண்டும். அளவு முறை எது என்று வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். பட்டறைக்காரருக்கு இது இரண்டு நிமிட வேலைதான். செல்போன் திரையைப் படம் பிடித்து அனுப்புவதை ஏற்கக் கூடாது. ஒப்புதல் கொடுக்கும்போது "சரி" என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதியில் வந்த எந்தக் கோப்பு என்று பெயரோடு எழுதி அனுப்பி, பி.டி.எஃப்.பை அச்செடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, கொட்டேஷனோடு சேர்த்து கல்லாவில் வைக்க வேண்டும். பட்டறையில் தகடு வெட்ட ஆரம்பிக்கும் நாளில் அந்தத் தாளையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய் வரலாம்.