மணமுறிவில் வீட்டின் மதிப்பு

மணமுறிவின்போது கூட்டுப் பெயரில் உள்ள அடுக்குமாடி வீட்டை மதிப்பிடுவதில் எழும் சச்சரவுகள் பலவும் மதிப்பீட்டாளரின் பிழையால் வருவன அல்ல. எந்த நோக்கத்துக்காக, எந்தத் தேதியின் நிலவரப்படி மதிப்பு வேண்டும் என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிக் கொடுக்காமல், ஆளுக்கொருவரை அமர்த்திக்கொள்வதால் வருவன.

இந்தியாவில், கோவா நீங்கலாக, மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்து தானாகவே சரிபாதியாவதில்லை; பத்திரத்தில் உள்ள பெயரும் பணம் போட்டவர் யார் என்பதுமே முதலில் பார்க்கப்படும். ஆயினும் வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும் அதன் மதிப்பு பேச்சுக்கு வந்தே தீரும். ஏனெனில் ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது.

பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலையாகக் கொள்வது முதல் தவறு. 2017 ஜூனில் தமிழக அரசு அதை 33 சதவீதம் குறைத்தபோது எந்த வீட்டின் விலையும் மறுநாள் மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லை. வங்கிக்கென எழுதப்படும் அறிக்கையிலோ சந்தை மதிப்பு, கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசர விற்பனை மதிப்பு என மூன்று தொகைகள் இருக்கக்கூடும். பணம் கொடுக்க வேண்டியவர் கடைசித் தொகையையும் வாங்க வேண்டியவர் முதல் தொகையையும் அடிக்கோடிட்டுக்கொண்டு வருவது வழக்கம்.

மதிப்பீட்டாளர் வரும் நாளிலும் இதே நாடகம்தான். வீட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்புபவர் குளியலறைச் சுவரில் உப்புப் பூத்து உரியும் சுண்ணாம்பைச் சுரண்டிக் காட்ட, வெளியேறுபவர் மாடுலர் கிச்சனின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். இரண்டையும் குறித்துக்கொள்பவர் உண்மையில் தேடுவது பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள ஒரு வரியை, அதாவது தரகர்கள் யூ.டி.எஸ். என்னும் பிரிபடாத மனைப்பங்கை. கட்டடம் ஆண்டுதோறும் தேய, மனை பெரும்பாலும் ஏறுவதால், ஒரே பரப்புள்ள இரு பழைய வீடுகளில் ஒன்றுக்கு 600 சதுர அடியும் மற்றதற்கு 350 சதுர அடியும் மனைப்பங்கு இருந்தால், விலையைத் தீர்மானிப்பது அந்த வேறுபாடே, சமையலறை அன்று.

மதிப்பு 90 லட்சம், வீட்டுக்கடன் பாக்கி 30 லட்சம் என்றால் பகிரத்தக்கது 60 லட்சமே. ஆனால் வங்கி மணமுறிவுத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதன்று. இணைக்கடனாளியை விடுவித்து அது கடிதம் தரும்வரை, வீட்டை விட்டுக்கொடுத்தவரும் தவணைக்குப் பொறுப்பாளியே.

விடுதலைப் பத்திரம், அதாவது ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம், குடும்பத்தாருக்கிடையே எழுதப்பட்டால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். அதன் உச்சவரம்பு 2023 ஜூலையில் 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தீர்ப்பாணைக்குப் பின் இருவரும் கணவன் மனைவி அல்லர் என்பதால் அந்தச் சலுகை கைநழுவக்கூடும். எனவே இருவரும் ஒப்புதலுடன் தொடுத்த மணமுறிவு மனு நிலுவையில் இருக்கும்போதே பதிவை முடிப்பது சிக்கனம். கையெழுத்தான பின் மறுதரப்பு மணமுறிவுக்கான ஒப்புதலை விலக்கிக்கொள்ளுமோ என்ற அச்சமும் நியாயமானதே. எனவே மதிப்பீட்டுத் தொகை, பதிவு நாள், வரைவோலை கைமாறும் நேரம் ஆகிய மூன்றையும் உடன்படிக்கையிலேயே எழுதிவிட வேண்டும்.