இல்லத்திற்கேற்ற தீயணைப்பான்

அடுப்பு மூட்டாத இல்லமில்லை. ஆதலின் தீயச்சம் இல்லாத இல்லமுமில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளை மாய்த்தது. அத்துயரத்தைக் காவிரி நாடு மறத்தல் அரிது. அங்ஙனமாயின், கடற்காற்று வீசும் கோடியக்கரையில் கீற்று வேய்ந்த குடிலொன்றில் பொறி விழுந்தால் தீயணைப்பு வண்டி வருமட்டும் காத்திருத்தல் இயலுமோ? தீ சிறிதாயிருக்கும் முதற்கணமே நமக்குரியது. அக்கணத்திற்கான கருவியே தீயணைப்பான்.

அதனைத் தேர்வதற்குமுன், எரிவது யாதென அறிதல் வேண்டும். விறகு, கீற்று, துணி ஆகியவற்றின் தீயை நீர் தணிக்கும். எரியும் எண்ணெயிலோ நீரை ஊற்றலாகாது. அந்நீர் நொடியில் ஆவியாகி, எண்ணெயை நாற்புறமும் சிதறடிக்கும். வாணலியில் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து, தட்டினால் மூடிவிடுதலே நன்று. மின்தீயாயின் முதலில் மின்னோட்டத்தை நிறுத்துக. எரிவாயுத் தீயாயின், அணுக இயலுமேல் குழாயை அடைத்தலே முதற்பணி.

இவை பலவற்றிற்கும் பொதுவாக உதவுவது ஏ.பி.சி. உலர்பொடித் தீயணைப்பானாம். ஆயினும் பொடியால் அவிந்த கீற்று உள்ளே கனன்று மீண்டும் மூளக்கூடுமாதலின், மின்னிணைப்பு இல்லாவிடத்துப் பின்னர் நீர் தெளித்தல் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதையே வாங்குக. பெரிதே சிறந்ததென மயங்கற்க. பெரும்பொழுதும் அடுப்பருகே இருப்பவர் எவரோ, அவர் எளிதில் தூக்கவல்ல எடையே தக்க எடை.

அதனை அடுப்பின் மேலன்றி, வெளிவாயிலின் அருகே மாட்டுக. உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலின், கடலோரத்தார் மாதந்தோறும் துருவேறியுள்ளதா என நோக்குக. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்றல் வேண்டும்.

பயன்படுத்தும் முறை எளிது: ஊசியை உருவி, குழலைச் சுடரின் மேற்புறத்திற்கன்றித் தீயின் அடிக்கு நேராகப் பிடித்து, பிடியை அழுத்தி, இருபுறமும் வீசுக. சிறு கருவியிலுள்ள பொடி சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். ஆதலின் வாயில் நம் முதுகுப்புறம் இருத்தல் இன்றியமையாதது. தீ கூரையைத் தொட்டுவிட்டதேல் கருவியை விடுத்து, குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றி, 101க்குச் செய்தி சொல்லுக.

வீட்டைக் காப்பதினும் உயிரைக் காப்பதே தலையாயது. குடிலை மீண்டும் வேயலாம். போன உயிரை மீட்டல் எவர்க்கும் இயலாது. விடுமுறைக்கு இல்லம் ஏகும் மாணவ நண்பர் ஒவ்வொருவரும் இப்பாடத்தைத் தம் அன்னையார்க்கும் உரைப்பாராக.