மீன் காட்சியகத்துக்கு இவ்வளவு கட்டணமா?

கலிஃபோர்னியாவின் சான் ஓசே, ஃப்ரீமாண்ட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அழைத்துப்போகும் இடங்களில் மான்டரே வளைகுடா மீன் காட்சியகமும் ஒன்று. வாசலில் கட்டணத்தைப் பார்த்ததும் பெரியவர்கள் மனக்கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். ஆளுக்கு 60 டாலருக்கு மேல். பிள்ளைகளோடு நான்கு பேர் என்றால் 200 டாலரைத் தாண்டும். ரூபாயில் 17,000-க்குக் குறையாது. மீனைப் பார்க்கவா இவ்வளவு பணம் என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயம். அந்தக் கேள்விக்கு நேரான பதிலும் இருக்கிறது. சில பழைய நம்பிக்கைகளை விலக்கினால்தான் அது கண்ணுக்குப் படும்.

நம்பிக்கை: கட்டணம் முழுவதும் வேடிக்கை காட்டத்தான் செலவாகிறது

காட்சியகத்தின் வருமானத்தில் அறிவியல் நடத்துவது ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம். ஜெர்மானிய விலங்கியலாளர் அன்டன் டோர்ன் 1870-களில் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். அதன் கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் 1874-ல் திறந்தது. கீழே டிக்கெட் வாங்குபவர்களின் காசு மேலே ஆய்வகத்தின் செலவுக்கு உதவ வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம். குரோமோசோம்களின் பங்கைப் புரிந்துகொள்ள தியோடர் போவெரி கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தது அந்த நிலையத்தில்தான். சென்னை மெரினாவில் 1909-ல் திறந்த காட்சியகமும் முதலில் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில்தான் இருந்தது. பிறகே மீன்வளத் துறைக்குப் போனது.

மான்டரேயின் காட்சியகம் லாப நோக்கமில்லாத அமைப்பு. அது இருக்கும் தெரு, மத்தி மீனை டப்பாவில் அடைத்து விற்று வாழ்ந்தது. மீன் வற்றியது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, கடைசியாக ஹோவ்டன் ஆலையும் 1973-ல் நின்றுபோனது. அந்த ஆலை இருந்த இடத்தில்தான், டேவிட் பேக்கர்ட், லூசில் பேக்கர்ட் தம்பதி கொடுத்த 5.5 கோடி டாலரில் எழுந்த காட்சியகம் 1984 அக்டோபரில் திறந்தது.

அங்கே பணம் எங்கே போகிறது என்பதற்குக் கடல் நீர்நாயைவிட நல்ல சாட்சி கிடையாது. மென்மயிருக்காக வேட்டையாடப்பட்டு, கலிஃபோர்னியாவில் இந்த இனம் அழிந்தே போய்விட்டது என்று கருதப்பட்டிருந்தது. 1938-ல் பிக் சர் கரையோரம் சிறு கூட்டம் ஒன்று தென்பட்டது. இன்று இருக்கும் ஏறத்தாழ 3,000 நீர்நாய்களும் அப்படித் தப்பிப் பிழைத்தவற்றின் வழிவந்தவை. புயலில் தாயைப் பிரிந்து கரையொதுங்கும் குட்டிகளை மனிதர்கள் கையில் எடுத்து வளர்த்தபோது, அவை மனிதரை அண்டியே வாழப் பழகின. 2001-ல் காட்சியகத்தில் டூலா என்ற பெண் நீர்நாய் குட்டியை இறந்தநிலையில் ஈன்றது. அந்தச் சமயத்தில் கரையொதுங்கிய அநாதைக் குட்டி ஒன்றை அதனிடம் விட்டார்கள். டூலா அதைத் தன் குட்டியாகவே ஏற்றுக்கொண்டு, சிப்பியை உடைக்கவும் நண்டைப் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தது. வளர்ப்புத் தாய்த் திட்டம் அப்படிப் பிறந்தது. மனித முகம் குட்டிகளுக்குப் பழகிவிடக் கூடாதென்று பணியாளர்கள் கறுப்பு அங்கியும் வெல்டிங் செய்பவர்கள் போடும் முகமூடியும் அணிந்துதான் தொட்டிக்கு அருகில் போகிறார்கள்.

வளர்ந்த குட்டிகளைப் பக்கத்தில் உள்ள எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்தில் விட்டார்கள். 2002-க்கும் 2016-க்கும் இடையே அந்தக் கழிமுகத்தில் பெருகிய நீர்நாய்களில் பாதிக்கு மேல் இந்தக் குட்டிகளும் அவற்றின் வாரிசுகளும்தான் என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதோடு நிற்கவில்லை. ஒரு நீர்நாய் தன் உடல் எடையில் கால்பங்கை ஒரே நாளில் தின்னும். அவை தின்று நண்டுகள் குறைந்ததும், நண்டுக்கு இரையாகிக்கொண்டிருந்த சிறு கடல் நத்தைகள் பிழைத்தன. அந்த நத்தைகள் கடற்புல்லின்மேல் படியும் பாசியைத் தின்று துடைத்ததால் புல் மறுபடி செழித்தது. கரையைத் துளைக்கும் நண்டுகள் குறைந்ததால் கழிமுகக் கரைகள் அரிப்பதும் மட்டுப்பட்டது என்று 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. டிக்கெட்டில் போன காசின் ஒரு பகுதி அந்தக் கடற்புல்லில் இருக்கிறது.

நம்பிக்கை: தொட்டியில் அடைத்த மீன் சீக்கிரம் செத்துப்போகும்

மெதுசெலா என்ற ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் 1938-ல் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்துக்கு வந்தது. 2023-ல் மரபணுவைச் சோதித்து அதன் வயதை 92 என்று மதிப்பிட்டார்கள். நூறைத் தொட்டிருக்கவும் வாய்ப்புண்டு. சிகாகோவின் ஷெட் காட்சியகத்தில் 'தாத்தா' என்று செல்லமாக அழைக்கப்பட்ட இன்னொரு நுரையீரல் மீன் 1933 முதல் 2017 வரை வாழ்ந்தது. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையினர் அதே மீனைப் பார்த்துப் போயிருக்க முடியும்.

எல்லா உயிருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைச் சுறாவை அடைத்து வைக்க முயன்ற மற்ற இடங்களிலெல்லாம் அது நாள்கணக்கிலேயே செத்தது அல்லது திருப்பி விடப்பட்டது. மான்டரேயில் 2004-ல் கொண்டுவந்த இளம் பெண் சுறா 198 நாள்கள் உயிரோடு இருந்து, கூட இருந்த இரண்டு சுறாக்களைக் கொன்றபின் கடலில் விடப்பட்டது. 2011 வரை மொத்தம் ஆறு வெள்ளைச் சுறாக்களை அங்கே வைத்திருந்தார்கள். கடைசியாக வந்தது, கடலில் விட்ட சிறிது நேரத்திலேயே இறந்தது. அத்தோடு காட்சியகம் அந்த முயற்சியைக் கைவிட்டது. கூட்டத்தை ஈர்க்கும் உயிரை வேண்டாமென்று விடுவது எளிதல்ல. அதைச் செய்த நிறுவனத்தை நம்பிப் பணம் கொடுக்கலாம். ஜப்பானின் ஒகினாவா சுராவுமி காட்சியகத்தில் 2016-ல் வெள்ளைச் சுறா ஒன்று மூன்றே நாளில் இறந்ததையும் பார்க்கும்போது, சில உயிர்களுக்குத் தொட்டி ஆகாது என்பது தெளிவு.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நன்னீர் மீன்களில் பல பண்ணையில் வளர்ந்தவை. கடல்மீன்களிலோ பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடித்து வரப்பட்டவையே. 'நீமோ' படத்தால் உலகப் புகழ்பெற்ற நீல டாங் மீனைக்கூட 2016-ல்தான் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில் முதன்முறையாக முட்டையிலிருந்து வளர்த்தெடுக்க முடிந்தது. ஒவ்வொரு காட்சியகத்திலும் பார்வையாளர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி: இந்த மீன் எங்கிருந்து வந்தது?

நம்பிக்கை: தொட்டி பெரிதானால் காசுக்கு மதிப்பும் பெரிது

பெரிய தொட்டி என்றால் மான்டரேயிலும் உண்டு. சூரையும் திருக்கையும் நீந்தும் திறந்த கடல் தொட்டி 45 லட்சம் லிட்டர் கொள்ளும். அதைவிடப் பல மடங்கு பெரியவை வேறு நாடுகளில் இருக்கின்றன. ஆனால் அந்தக் காட்சியகத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது 12 லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் கெல்ப் காடுதான். கெல்ப் என்பது கடலடிப் பாறையைப் பற்றிக்கொண்டு மரம்போல் உயரும் பெரும்பாசி; நல்ல சூழலில் ஒரே நாளில் அரை மீட்டர்வரை வளரும். அலையசைவும் வெயிலும் இல்லாவிட்டால் வாடிவிடும். அதனால் எட்டரை மீட்டர் உயரத் தொட்டியின் மேற்புறத்தை வானத்துக்குத் திறந்து வைத்து, அலையை உண்டாக்கும் எந்திரத்தையும் பொருத்தினார்கள். எந்திரத்தை வடிவமைத்தவர் டேவிட் பேக்கர்டே. கணினி நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய பொறியாளர், பாசி அசைவதற்காக உட்கார்ந்து வரைபடம் போட்டிருக்கிறார்.

தண்ணீரும் கவனிக்கத்தக்கது. பகலில் பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று வளைகுடா நீரை வடிகட்டி விடுகிறார்கள். இரவில் வடிகட்டாமல் அப்படியே விடுகிறார்கள். அதில் வரும் நுண்ணுயிர்களும் குஞ்சுகளும் தொட்டியில் உள்ள சிப்பிகளுக்கும் கடற்பஞ்சுகளுக்கும் உணவு. சில அங்கேயே ஒட்டி வளர்ந்தும் விடுகின்றன. யாரும் கொண்டுவந்து வைக்காத உயிர்கள் அந்தத் தொட்டியில் குடியிருக்கின்றன. பெரும்பாலோர் ஐந்து நிமிடத்தில் கடந்து போய்விடும் அந்தக் கண்ணாடிச் சுவர் முன்னால் அரைமணி நேரம் நின்றால்தான் இவை கண்ணில் படும்.

நம்பிக்கை: டிவியில் இதைவிட நன்றாகத் தெரியும்

பெரிய திமிங்கிலத்துக்கு இது உண்மைதான். ஆழ்கடலின் சிறிய உயிர்களுக்கு அல்ல. 2022-ல் மான்டரேயில் ஆழ்கடல் உயிர்களுக்கென்றே ஒரு பகுதி திறந்தது. ஒளி புகாத ஆழத்தில் தண்ணீர் கடுங்குளிராக இருக்கும், ஆக்சிஜனும் மிகக் குறைவு. எனவே நீரைக் குளிரவைத்து, ஆக்சிஜனை வேண்டுமென்றே பிரித்தெடுத்துத் தொட்டிகளில் விடுகிறார்கள். உள்ளே வயிறு இரத்தச் சிவப்பாக உள்ள சீப்பு ஜெல்லி மிதக்கிறது. அது விழுங்கும் இரை வயிற்றுக்குள் ஒளிர்ந்தால் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றின் சிவப்பு அந்த ஒளியை மறைக்கிறது. திரையில் அதன் பருமன் ஒருபோதும் விளங்காது. நேரில் பார்க்கும் பிள்ளை தன் விரலை வைத்து அளக்கிறது.

நம்பிக்கை: எல்லாக் காட்சியகமும் ஒன்றுதான்

இல்லவே இல்லை. அமெரிக்காவின் ஒமாஹா உயிரியல் பூங்காவில் 2001-ல் ஆண் துணையே இல்லாத தொட்டியில் ஒரு சுறாக்குட்டி பிறந்தது. தாய் தனியாகவே ஈன்றது என்று 2007-ல் மரபணுச் சோதனை நிறுவியது. சுறா இனத்தில் அப்படி நடக்கும் என்று அதற்குமுன் யாரும் நிரூபித்ததில்லை. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் கடலில் மீன்பிடிப்பால் ஏறக்குறைய அற்றுப்போன ஸீப்ரா சுறாவை, காட்சியகங்களில் இட்ட முட்டைகளை விமானத்தில் அனுப்பிப் பொரிக்க வைத்து, 2023 ஜனவரியில் முதன்முறையாகக் கடலில் விட்டார்கள். இப்படிப்பட்ட வேலை நடக்கும் இடமும், வணிக வளாகத்தின் மூலையில் நான்கு தொட்டிகளை வைத்துத் திருக்கையைத் தொட்டுப் பார்க்க வரிசை நிற்கவைக்கும் இடமும் ஒரே கட்டணத்துக்குக்கூட ஒன்றாகாது. அமெரிக்காவில் உயிரியல் பூங்காக்கள், மீன் காட்சியகங்களின் சங்கம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேரில் சோதித்து அங்கீகாரம் தருகிறது. டிக்கெட் வாங்குமுன் அந்த அங்கீகாரம் இருக்கிறதா, என்ன ஆய்வு நடக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். சொல்வதற்கு ஒன்றுமே இல்லாத இடத்துக்கு 10 டாலரும் அதிகம்.

நம்பிக்கை: டிக்கெட் எடுக்காமல் நீர்நாயைப் பார்க்க முடியாது

நீர்நாயை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைக்கும் குடும்பம் தாராளமாகப் பணத்தை மிச்சப்படுத்தலாம். காட்சியகத்திலிருந்து வடக்கே அரைமணி நேரக் கார் பயணத்தில் மாஸ் லேண்டிங் துறைமுகம் இருக்கிறது. எல்க்ஹார்ன் ஸ்லூ கடலைத் தொடும் இடம் அது. அங்கே கரையில் நின்றாலே, மல்லாந்து மிதந்தபடி வயிற்றின்மேல் சிப்பியை வைத்து உடைக்கும் நீர்நாய்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவற்றில் சில, வளர்ப்புத் தாய்களிடம் வளர்ந்தவற்றின் வாரிசுகளாக இருக்கவும் கூடும். பைனாகுலர் கொண்டுபோவது நல்லது. துடுப்புப் படகில் போகிறவர்கள் குறைந்தது 18 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். உறங்கும் நீர்நாயை எழுப்பிவிட்டால், குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்க அது சேர்த்து வைத்த ஆற்றல் வீணாகும்.