மணியோசை கேட்ட பிறகே மதிய உணவு!

பூஜையில் நாம் அடிக்கும் சின்னஞ்சிறு மணி, சாமிக்கு மட்டும்தானா சேதி சொல்கிறது?

செந்திலாண்டவனிடம் மாறாத பக்தி கொண்டவர் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன். திருச்செந்தூரில் உச்சிக்கால பூஜை நடந்து, முருகனுக்கு நைவேத்தியம் ஆன பிறகே அவர் சாப்பிட உட்காருவாராம். தந்தியோ தொலைபேசியோ இல்லாத காலம். பூஜை முடிந்தது அரண்மனைக்கு எப்படித் தெரியும்?

அதற்காகவே திருச்செந்தூர் தொடங்கி பாஞ்சாலங்குறிச்சி வரை வழிநெடுக மண்டபங்கள் கட்டி, மணிகளைத் தொங்கவிட்டார் என்கிறது செவிவழிச் செய்தி. கோயில் மணி ஒலித்ததும் முதல் மண்டபத்து மணியை அடிப்பார்கள். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில்... இப்படியே ஓசை கைமாறிக் கைமாறி கோட்டைக்கு வந்து சேருமாம்.

1799-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் தரைமட்டமாக்கப்பட்டது. ஆனாலும், அந்த மணியோசையின் கதை மட்டும் மக்கள் மனதில் நிலைத்துவிட்டது.

தெய்வங்களை வரவேற்கவும், தீயவற்றை விலக்கவும் மணி அடிக்கிறோம் என்பார்கள் பெரியோர். கூடவே, 'சுவாமிக்குப் படைத்தாயிற்று. இனி சாப்பிடலாம்' என்று வீட்டாருக்கும் அது சேதி சொல்கிறது.

காலை அவசரத்தில், டிபன் பாக்ஸ் கட்டும் முன் ஒரு கரண்டி சாதத்தை சுவாமிக்குக் காட்டி, மணி அடியுங்கள். பிள்ளைகள் கொண்டுபோவது வெறும் சாப்பாடு அல்ல, பிரசாதம்!