பின்சக்கரம் சறுக்கியபோது கற்ற உராய்வுப் பாடம்

நாற்பத்து மூன்று வயதில்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினேன். பணிமாறுதலில் கிடைத்த பள்ளிக்குக் காலையில் ஒரே பேருந்து. அதுவும் இறைவணக்கக் கூட்டம் முடிந்த பிறகே வரும். ஓட்டுநர் உரிமம் பெற்று, வண்டி வாங்கி, ஆறாவது வாரத்தில் விழுந்தேன்.

அது தை மாதம். இடப்பக்கம் திரும்பும் வளைவில், அறுத்த கொள்ளுச் செடிகளைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். முப்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும். கொள்ளைக் கண்டதும் வலது காலால் பின்பிரேக்கை முழுதாக மிதித்தேன். பின்சக்கரம் சுழல்வதை நிறுத்தி வலப்பக்கமாக ஓடியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. தலைக்கவசத்தின் இடப்பக்கம் விரல் நீளத்துக்குக் கீறல். அந்தக் கீறல் என் காதுக்கு மேலே விழுந்திருக்க வேண்டியது.

பல ஆண்டுகளாக எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்துகிறேன். நிலை உராய்வு, இயக்க உராய்வு இரண்டுக்கும் வேறுபாடு கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அது என் காலுக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் கட்டுடன் வகுப்புக்குப் போனபோது ஒரு மாணவன் கேட்டான்: "பின்பிரேக்க மட்டும் புடிச்சீங்களா சார்? நான் எங்கப்பா வண்டில அப்படித்தான் சறுக்கி நிறுத்துவேன்." அவனுக்கு வயது பதின்மூன்று. அன்றே பாடத்தை வேறு விதமாக நடத்த முடிவு செய்தேன்.

முதலில் தெளிய வேண்டிய குழப்பம்

சக்கரம் என்றதும் மாணவர்கள் 'உருளும் உராய்வு' என்று எழுதிவிடுவார்கள். அது சக்கரம் உருள்வதைத் தடுக்கும் சிறு விசை. வண்டியைச் சாலையில் பிடித்து வைத்திருப்பது வேறு. உருளும் டயரில் தரையைத் தொடும் பகுதி, தொடும் அந்தக் கணத்தில் தரையின்மீது நழுவுவதில்லை. ஆகவே அங்கே செயல்படுவது நிலை உராய்வு. பிரேக் சக்கரத்தைப் பூட்டிவிட்டால் டயர் தரையில் தேய்ந்து நகரும். நிலை உராய்வு போய், அதைவிடக் குறைந்த இயக்க உராய்வு வந்துவிடும். வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகும். அதைவிட ஆபத்தானது, பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பிடிமானமும் போய்விடுவது. வளைவில் பின்சக்கரம் வெளியே ஓடுவது இதனால்தான்.

செயல்பாடு 1: மரக்கட்டையும் சுருள்வில் தராசும்

ஒரு கிலோ எடையுள்ள மரக்கட்டையை மேசைமீது வைத்து, சுருள்வில் தராசால் மெதுவாக இழுக்கச் செய்யுங்கள். கட்டை நகரத் தொடங்கும் முன் காட்டும் உச்ச அளவையும், சீராக நகரும்போது காட்டும் அளவையும் குறிக்கட்டும். எங்கள் வகுப்பில் முதல் அளவு 4 நியூட்டனை ஒட்டியும், இரண்டாவது 3 நியூட்டனை ஒட்டியும் வந்தன. பிறகு மேசையில் ஒரு கைப்பிடி கேழ்வரகைத் தூவி மீண்டும் இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுகளும் இறங்கும். மணல், ஈரம், தானியம் கிடக்கும் சாலைகளைப் பற்றி மாணவர்களே பேசத் தொடங்குவார்கள்.

செயல்பாடு 2: மிதிவண்டியைத் தள்ளுதல்

பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரின் விலையில்லா மிதிவண்டி போதும். யாரும் ஏற வேண்டாம். மைதானத்தில் நடந்தபடியே தள்ள வேண்டும். முதலில் பின்பிரேக்கை மட்டும் அழுத்தட்டும்: பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டு வரும். அடுத்து முன்பிரேக்கை மட்டும் அழுத்தட்டும்: வண்டி உடனே நிற்கும், பின்பகுதி தூக்கும். இருக்கையின்மேல் கை வைத்திருந்த மாணவி "லேசாயிடுச்சு சார்" என்றாள். அதுதான் பாடம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. பின்சக்கரம் தரையை அழுத்தும் விசை குறைவதால் அதன் உராய்வும் குறைகிறது, எளிதில் பூட்டிக்கொள்கிறது. முன்பிரேக்கைத் தொட்டாலே கவிழும் என்று நம் ஊரில் பலர் பின்பிரேக்கை மட்டுமே நம்புகிறார்கள். குறைவாக நிறுத்தக்கூடிய சக்கரத்தை நம்புகிறோம் என்பது இதில் புரியும்.

செயல்பாடு 3: சுண்ணாம்புக் கோடுகள்

மணிக்கு 36 கி.மீ. என்பது நொடிக்கு 10 மீட்டர். எதிர்முடுக்கம் 5 மீ/வி² எனக் கொண்டால் வண்டி நிற்க 10 மீட்டர் தேவை. சறுக்கலால் அது பாதியாகக் குறைந்தால் 20 மீட்டர். வேகம் 72 கி.மீ. ஆனால், நல்ல பிடிமானத்திலும் 40 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆனால், 36 கி.மீ. வேகத்தில் அதற்கு முன்பே 10 மீட்டர் ஓடியிருப்போம். இவற்றைப் பத்தாம் வகுப்பினர் கணக்கிட்டு மைதானத்தில் கோடு போடட்டும். வேகம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்காவதைக் கால்களால் நடந்து அறிவார்கள்.

சறுக்கினால் என்ன செய்வது?

இது வண்டி ஓட்டும் ஆசிரியர்களுக்கும், உரிமம் பெறும் வயதை எட்டும் மேல்நிலை மாணவர்களுக்கும்.

1. வளைவுக்கும் மணலுக்கும் முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வழுக்கும் பரப்பின்மேல் எந்த பிரேக்கையும் திடீரென அழுத்தக் கூடாது. முன்சக்கரம் சறுக்கினால் மீள்வது இன்னும் கடினம்.
2. நல்ல சாலையில் நிறுத்தும்போது இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும்.
3. நேராகச் செல்லும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால், பின்பிரேக்கைத் தளர்த்தி, சக்கரம் உருளத் தொடங்கியபின் மென்மையாக அழுத்த வேண்டும்.
4. பின்சக்கரம் ஏற்கெனவே பக்கவாட்டில் விலகியிருந்தால் பிரேக்கைச் சட்டென்று விடக் கூடாது. பிடிமானம் திடீரெனத் திரும்பி, வண்டி ஓட்டுபவரை மறுபுறம் தூக்கி எறியும். பார்வையைப் போகும் திசையில் வைத்து, அழுத்தத்தை மாற்றாமல் வண்டியை நிற்க விட வேண்டும்.
5. ஆக்சிலரேட்டரைத் திருகியதால் பின்சக்கரம் வழுக்கினால், அதை மெதுவாகக் குறைக்க வேண்டும்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு, 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களில் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். என் வண்டி 100 சி.சி.; அதில் இந்த அமைப்பு இல்லை. நம் மாணவர் வீடுகளில் நிற்கும் பழைய வண்டிகள் பலவற்றிலும் இருக்காது.

வகுப்புக்கு வெளியே

சறுக்கலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் சிறுவர்களுக்கு ஆசை வந்துவிடாதா என்று சக ஆசிரியர் கேட்டார். ஆசை முன்பே இருக்கிறது, காரணம்தான் தெரியாது. ஆனால் பாடத்தோடு சட்டத்தையும் சொல்ல வேண்டும். கியர் உள்ள வண்டிக்கு 18 வயது ஆக வேண்டும். சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

அந்த மாணவனின் தந்தையை வரவழைத்தேன். சட்டத்தைச் சொன்னபோது தலையசைத்தார். கீறல் விழுந்த தலைக்கவசத்தை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாவிய இனி எங்கிட்டயே வச்சிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அந்தத் தலைக்கவசம் எங்கள் அறிவியல் ஆய்வகத்தில், சுருள்வில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் புதியது வாங்கிக்கொண்டேன். உராய்வுப் பாடத்தை அதை எடுத்துக் காட்டித்தான் தொடங்குகிறேன்.