அசையாத கத்தி

கறி வழுக்கும். மீன் இன்னும் வழுக்கும். ஒரு கையில் கறி, மறு கையில் கத்தி என்றால் பிடி நழுவும். விரலில் வெட்டு விழும்.

அரிவாள்மனையில் கத்தி அசையாது. பலகையைக் கால் அழுத்திக்கொள்கிறது. கறியைப் பிடிக்க இரண்டு கைகளும் கிடைக்கின்றன.

வங்காளத்தில் இதற்குப் பெயர் 'பொன்ட்டி'. மராட்டியில் 'விளி'. கொல்கத்தா சந்தைகளில் பெரிய மீனையும் பொன்ட்டியில் வெட்டுகிறார்கள்.

ஆனால் கவனம் வேண்டும். இங்கே நம் கைதான் கத்தியை நோக்கிப் போகிறது.

1. பலகை ஆடக்கூடாது. காலால் நன்றாக அழுத்துங்கள்.
2. மீன் வழுக்கினால் கையில் சாம்பல் தொட்டுக்கொள்ளுங்கள். பிறகு மீனை நன்றாக அலசுங்கள்.
3. மழுங்கிய கத்தியில் அதிகம் அழுத்த வேண்டும். அப்போதுதான் கை நழுவும். சாணை பிடியுங்கள்.
4. கறி வெட்டியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகே காய் நறுக்குங்கள்.
5. வேலை முடிந்ததும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெட்டுப் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆழமான காயமா? உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

விரலில் காயம் என்றால் நாற்று நட முடியாது. பீடி சுற்ற முடியாது. அன்றைய கூலி போய்விடும்.

பேசுவோம்:
உங்கள் வீட்டு அரிவாள்மனை இப்போது எங்கே இருக்கிறது?